ஜாக்கை விடுங்கய்யா, ஷிப்ட்டைக் கேளுங்க

பங்குனி பொறந்தா போதும், நம்ம பதிவர்கள்ல நாலு பேராவது ஒரே பதிவை எழுதிடறாங்க. தலைப்பு மாறும், படம் மாறும், சரக்கு ஒண்ணுதான். பாட்டி சொன்ன கதை போச்சு, ஜாக் அண்ட் ஜில் வந்துருச்சு. அவரைக்கொடி ஏறின ஜாக்கைத் தெரிஞ்ச குழந்தைக்கு அரவானைத் தெரியலை. வெள்ளைக்காரன் போயும் அவன் கதை போகலை. மெட்ரிக் ஸ்கூல் ஒழிக. (தண்ணி எடுக்கப் போன ஜாக்கும், கொடி ஏறின ஜாக்கும் வேற வேற ஆளுங்க. அதைக்கூட பார்க்காமத்தான் எழுதறாங்க, போகட்டும்.) கீழே நாற்பது பின்னூட்டம். "சூப்பர் தல", "கண்ணு கலங்கிடுச்சு", "ரிப்பீட்டே". கண்ணைத் தொடச்சிக்கிட்டு எல்லாரும் அடுத்த பதிவுக்கு எஸ்கேப்.

எனக்கு இதையெல்லாம் படிச்சா கண்ணு கலங்கலை, எரிச்சல்தான் வருது. குற்றவாளியைத் தப்பவிட்டுட்டு, தெருவுல போற எல்கேஜி ரைம்ஸைப் பிடிச்சி உள்ள போடற வேலை இது. மூணு வயசுக் குழந்தை படிக்கிற ரெண்டு வரிப் பாட்டுக்கு ஒரு ஊரோட பதினெட்டு ராத்திரிக் கூத்தை அழிக்கிற சக்தி இருக்குதுன்னு நம்பறீங்களே, உங்களுக்கு நம்ம கூத்து மேல அவ்வளவுதானா நம்பிக்கை?

நான் பேசறது காத்துல இல்லை. எங்க ஊரு வாலாஜாபாத்துக்குப் பக்கத்துல. செங்கல்பட்டு - அரக்கோணம் ரயில் பாதையில, பாலாத்தங்கரையில இருக்குற வாலாஜாபாத். பேரே ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா கொடுத்த பேரு. கும்பினிப் பட்டாளம் தங்கியிருந்த இடம். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துல 83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரின்னே ஒரு படைப்பிரிவு இருந்தது. அதாவது கார்ட்டூன் சேனல் வழியா, ஸ்கூல் புக் வழியா இங்கிலீஷ்காரன் வர்றதுக்கு இருநூறு வருஷம் முன்னாடியே, அவன் துப்பாக்கியோட எங்க பக்கம் வந்து கூடாரம் போட்டு உக்காந்துட்டான். அப்பவும் சுத்துப்பட்டு ஊர்கள்ல பாரதம் நடந்துச்சு. பட்டாளத்துக்கு அசையாதது பாப்பா பாட்டுக்கு அசையுதாம். கொஞ்சம் லாஜிக் வேணாமா மக்கா?

தெக்கத்தி நண்பர்களுக்கு பாரதம்னா என்னன்னு ரெண்டு வார்த்தை சொல்லிடறேன். வட தமிழ்நாட்டுல, குறிப்பா காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் பக்கமெல்லாம் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரமே கிடையாது. அறுவடை முடிஞ்சி வயல் சும்மா கிடக்குற பங்குனி, சித்திரை, வைகாசியில கொடி ஏறும். பகல்ல பாரதப் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தை வெச்சி கதை சொல்லுவார். ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சி விடியற வரைக்கும் கூத்து. வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். கடைசி நாள் காலையில படுகளம். திடல்ல களிமண்ணுல துரியோதனனை மல்லாக்கப் படுக்கவெச்ச மாதிரி பெரிய உருவம் செஞ்சிருப்பாங்க. பீமன் வேஷக்காரர் தொடையில அடிப்பார், அங்கேயிருந்து ரத்தம் மாதிரி செவப்பு எடுத்து திரௌபதி கூந்தல் முடிவாள். துரியோதனன் பொண்டாட்டி ஒப்பாரி வேற. கூட்டம் கலையறப்ப ஆளாளுக்கு அந்த மண்ணுல ஒரு பிடி எடுத்துட்டு வீட்டுக்குப் போவாங்க. சாயங்காலம் தீமிதி.

இளவேனில்னு இலக்கணம் சொல்ற சித்திரையும் வைகாசியும் எங்க ஊர்ல மண்டையைப் பொளக்குற வெயில். அதான் எல்லாமே ராத்திரியில.

எவ்வளவு பழசுன்னு கேக்கறவங்களுக்கு, காஞ்சிபுரத்துக்கு வடக்கே கூரம்னு ஒரு ஊர் இருக்கு. ஏழாம் நூற்றாண்டுல பரமேஸ்வரவர்மப் பல்லவன் கொடுத்த கூரம் செப்பேட்டுல, மண்டபத்துல பாரதம் வாசிக்கிறதுக்குன்னே தனியா ஒரு பங்கு ஒதுக்கியிருக்கான். பல்லவ ராஜாவுக்கே தெரிஞ்சிருக்கு, சும்மா "நம் கலாச்சாரம் வாழ்க"ன்னு கத்தினா பாரதம் நடக்காதுன்னு. வாசிக்கிறவனுக்கு ஒரு பங்கு கொடுத்தான்.

இப்ப ஜாக் கதைக்கு வருவோம். இவங்க திட்டற அந்த அவரைக்கொடி ஜாக் இங்கிலாந்துலயே எப்படிப் பொழச்சான்னு தெரியுமா? இன்னிக்கு உலகம் பூரா சொல்லப்படற வடிவத்தை 1890-ல 'இங்கிலீஷ் ஃபேரி டேல்ஸ்'ங்கற புத்தகத்துல போட்டவர் ஜோசப் ஜேக்கப்ஸ். சிட்னியில பொறந்த யூதர். இந்தக் கதையை 1860 வாக்குல, சின்ன வயசுல ஆஸ்திரேலியாவுல கேட்டேன்னு அவரே எழுதியிருக்கார். இங்கிலீஷ் நாட்டார் கதைன்னு நாம பயப்படற சமாச்சாரம் காலனியிலேர்ந்து திரும்பி ஊருக்குப் போன சரக்கு. அதுக்கு முன்னாடி 1807-ல டாபர்ட்னு ஒரு பதிப்பாளர், ஜாக் திருடறானே, குழந்தைங்க கெட்டுப்போயிடுமேன்னு பதறி, அந்த ராட்சசன்தான் ஜாக்கோட அப்பாவைக் கொன்னவன்னு ஒரு நியாயத்தைச் சேர்த்தார். ஜேக்கப்ஸ் அதைத் தூக்கி எறிஞ்சிட்டு திருட்டை திருட்டாவே விட்டார். மனுஷன்!

ஒரு குழந்தைக்கு ஜாக் கதையும் தெரியட்டும், அரவான் கதையும் தெரியட்டும், என்ன கெட்டுடும்? கொடி ஏறி ராட்சசன் வீட்டுக்குப் போனவனைப் பார்த்து வாயைப் பொளக்கிற புள்ளை, தபசு மரத்தைப் பார்த்தா இன்னும் பொளக்கும். ஊசி மாதிரி நிக்குற உசரமான மரம், குறுக்கே படிக்கட்டை. அர்ச்சுனன் வேஷம் கட்டினவர் விருத்தம் பாடிக்கிட்டே ஒவ்வொரு படியா ஏறுவார். உச்சியிலேர்ந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வந்து விழும். கீழே குழந்தை வரம் வேண்டி ஈரப்புடவையோட பெண்கள் படுத்திருப்பாங்க. நான் ஏழெட்டு வயசுல இதைப் பார்த்தவன், இங்கிலீஷ் மீடியத்துல ஜாக்கும் படிச்சவன். ஒண்ணை இன்னொண்ணு விரட்டலை. அர்ச்சுனன் மேலே போய் என்னத்தைத் திருடிட்டு வந்தான்னு எங்க ஆயாகிட்ட கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டதுதான் மிச்சம் :-)

அப்ப கூத்து ஏன் குறையுது? பதினெட்டு நாள் பத்து நாளாச்சு, பத்து நாள் சில ஊர்ல மூணு நாளாச்சு, ஏன்?

பதில் ஒரகடம் ரோட்டுல இருக்கு. காலையில நாலே முக்காலுக்கு கம்பெனி பஸ் வந்து நிக்குது பாருங்க, அங்க. இருங்காட்டுக்கோட்டையில கார் ஆலை வந்தது தொண்ணூறுகள்ல. 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா (2014-ல மூடிட்டுப் போனாங்க, அது தனிக்கதை). 2010-ல ஒரகடத்துல ரெனோ-நிஸான், 2012-ல டைம்லர் லாரி. இப்ப எங்க ஊர்ல இருபத்தஞ்சு வயசுப் பையன் ஏதோ ஒரு ஷிப்ட்டுல இல்லைன்னா அவனுக்குப் பொண்ணு கிடைக்கறதே கஷ்டம். ராத்திரி முழுக்க கூத்து பார்த்துட்டு ஆறு மணி ஷிப்ட்டுக்குப் போய் நின்னா மெஷின் கையை வாங்கிடும். ஆயிரம் பேர் உக்காந்த திடல்ல கர்ண மோட்சத்துக்கு கிழங்கட்டைங்களும் சின்னப்பசங்களும்தான் மிச்சம். பையன் வீட்டுல தூங்கறான். அவன் கலாச்சாரத்தை மறந்துட்டான்னு நீங்க ஏசி ரூம்ல உக்காந்து பதிவு போடறீங்க.

என் சித்தப்பா பையன் கதையைக் கேளுங்க. தீ மிதிக்கணும்னு வேண்டுதல். எங்க ஊர்ல காப்பு கட்டிட்டா தீமிதி முடியற வரைக்கும் ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. அவனுக்கு சி ஷிப்ட், ராத்திரி முழுக்க வேலை. சூப்பர்வைசர்கிட்ட ஷிப்ட் மாத்திக் கேட்டான், ஆள் இல்லைன்னுட்டார். லீவு கேட்டான். எடுத்துக்கோ, ஆனா அந்த மாசம் அட்டெண்டன்ஸ் போனஸ் கிடையாதுன்னாங்க. கான்ட்ராக்ட் பையனுக்கு அந்த போனஸ்தான் வண்டி டியூ. சரி, பகல் ஷிப்ட் கிடைக்கற வாரமாவது கட்டலாம்னு பார்த்தா, லைன்ல கையில கயிறு, மோதிரம், காப்பு எதுவும் இருக்கக்கூடாதுங்கறது பாதுகாப்பு விதி. அந்த விதியைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், சுத்தற மெஷினுக்கு வேண்டுதல் தெரியாது. ஆனா மூணு வருஷமா அவன் வேண்டுதல் அப்படியே நிக்குது. அவன் ஜாக் அண்ட் ஜில் படிச்சதே இல்லைங்க. அரசு பள்ளிக்கூடம், தமிழ் மீடியம், அப்புறம் ஐடிஐ.

நான் பொட்டி தட்டறவன். நிலைமையோட கூத்து என்னன்னா, எங்க ப்ராஜெக்ட் இங்கிலாந்து கிளையன்ட். மே மாசம் முதல் திங்கள் அவங்களுக்கு மே தின வங்கி விடுமுறை, 1978-லேர்ந்து. கடைசி திங்கள் வசந்த கால வங்கி விடுமுறை. ரெண்டு நாளும் எங்க டிக்கெட் க்யூ காத்தாடும், பாதி டீமுக்கு லீவு. அதாவது எவனோ மேபோல் சுத்தி ஆடினதோட மிச்சத்துக்கு எனக்கு ஓய்வு கிடைக்குது, எட்டு கிலோமீட்டர் தள்ளி எங்க ஊர் படுகளத்துக்கு என் தம்பிக்குக் கிடைக்கலை. இதுதான் இங்கிலீஷ் கலாச்சார ஆதிக்கம்னு சொல்லுங்க, நானும் ஒரு பின்னூட்டம் போடறேன்.

அந்த இங்கிலீஷ்காரனோட வசந்த விழாவுக்கு என்ன ஆச்சுன்னும் பார்த்துடுவோம், ஏன்னா நமக்கு நடக்கப்போறது அங்க ஏற்கெனவே நடந்து முடிஞ்சது. ஊர் நடுவுல உசரமா கம்பம் நட்டு அதைச் சுத்தி ஆடறது மேபோல். 1644-ல ப்யூரிட்டன் பார்லிமென்ட் அதெல்லாம் அஞ்ஞானம்னு தடை போட்டது. ராஜா திரும்பி வந்ததும் 1661-ல லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவுல 134 அடிக்கு ஒரு கம்பத்தை நட்டு பழி தீர்த்துக்கிட்டாங்க. (அந்தக் கம்பத்தை 1717 வாக்குல இறக்கினப்போ நியூட்டன் வாங்கிட்டுப் போய் தொலைநோக்கியைத் தாங்க வெச்சிக்க ஏற்பாடு பண்ணார். இன்ஜினியரிங் படிச்சவங்க ஒரு நிமிஷம் எழுந்து நின்னு கைதட்டிட்டு உக்காருங்க.) ஆக தடை போட்டும் சாகலை.

எது சாகடிச்சுது? மந்தைவெளி போனது. 1604-லேர்ந்து 1914 வரைக்கும் 5,200-க்கு மேல சட்டம் போட்டு, சுமார் 68 லட்சம் ஏக்கர் பொது நிலத்துக்கு வேலி போட்டாங்க. ஆடறதுக்கு இடம் போச்சு. அப்புறம் ஆலை வந்து நேரமும் போச்சு. எல்லாம் போனப்புறம் சேகரிக்கிறதுக்கு ஆள் வந்தாங்க. 1899 டிசம்பர் 26-ஆம் தேதி, ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஹெடிங்டன்ல, செசில் ஷார்ப்னு ஒரு சங்கீத வாத்தியார் ஜன்னல் வழியா மோரிஸ் ஆட்டத்தைப் பார்க்கிறார். வெள்ளைச் சட்டை, கால்ல சலங்கை. அது வசந்த காலத்து, விட்சன் பண்டிகை ஆட்டம். கொட்டற குளிர்ல ஏன் ஆடினாங்க? உறைபனியில கட்டட வேலை இல்லை, கையில காசு இல்லை. காலந்தப்பி வந்ததுக்கு அவங்க மன்னிப்பு கேட்டாங்களாம். வாசிச்சவர் வில்லியம் கிம்பர், கொத்தனார். ஷார்ப் மறுநாளே அவரைக் கூப்பிட்டு மெட்டை எழுதிக்கிட்டார். பின்னாடி 1911-ல சங்கம் ஆரம்பிச்சார், பள்ளிக்கூடத்துல ட்ரில் கிளாஸ் மாதிரி மோரிஸ் சொல்லிக்கொடுத்தாங்க. ஷார்ப்பை நான் குறை சொல்லலை, அவர் இல்லைன்னா அதுவும் மிஞ்சியிருக்காது. ஆனா எனக்கு அந்தக் கதையில மனசுல நிக்குறது கொத்தனார்தான். சங்கம் அவனோட மெட்டைக் காப்பாத்துச்சு. விட்சன் வாரம் வேலையை விட்டுட்டு ஆடப் போற வசதியைக் காப்பாத்தலை.

நம்ம ஆளுங்களும் அந்த ரூட்லதான் போறாங்க. 2007-ல சென்னை சங்கமம் ஆரம்பிச்சி, அப்புறம் நின்னு, 2023-ல மறுபடி வந்துச்சு. பார்க்குல மேடை, மேடைக்குத் தகுந்த மாதிரி நறுக்கின கூத்து. கலைஞர்களுக்கு காசு வருது, மரியாதை கிடைக்குது, நடக்கட்டும். கூத்துப்பட்டறை ந. முத்துசாமி புரிசைக்குப் போய் கண்ணப்ப தம்பிரானைக் கண்டு எழுதலைன்னா சென்னைக்காரனுக்கு கூத்துன்னா என்னன்னே தெரிஞ்சிருக்காது. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 2002-ல குருகுலம் ஆரம்பிச்சி, பொட்டப்புள்ளைங்களுக்கும் சேர்த்து கூத்தும் பள்ளிப்படிப்பும் சொல்லிக்கொடுத்தாங்க. எவ்வளவு பெரிய காரியம்! ஆனா இவங்க எல்லாரும் ஆடறவங்களைக் காப்பாத்தினாங்க. பார்க்கறவனை யார் காப்பாத்தறது? விடியவிடிய உக்காந்து பார்க்க ஆள் இருந்தாத்தான் அது விடியவிடியக் கூத்து. இல்லாட்டி கலை நிகழ்ச்சி.

இங்கதான் இங்கிலாந்துகிட்டயிருந்து கத்துக்க வேண்டிய நல்ல விஷயம் ஒண்ணு இருக்கு, அதை எந்தப் பதிவரும் எழுதறதில்லை. லங்காஷயர்ல, உலகத்துக்கே துணி நெய்த மில் ஊர்கள்ல, 'வேக்ஸ் வீக்'னு ஒரு வழக்கம். வேக்ஸ்னா அந்தந்த ஊர் சர்ச் திருவிழா. மில் வந்தப்புறமும் திருவிழா வாரம் ஜனங்க வேலைக்கு வரலை. முதலாளிங்க திட்டிப் பார்த்தாங்க, அபராதம் போட்டுப் பார்த்தாங்க, கடைசியில வழிக்கு வந்தாங்க. ஊர் மில் அத்தனையும் அந்த வாரம் மொத்தமா மூடல். பாய்லரைக் கழுவ, மெஷினைப் பழுது பார்க்க அந்த வாரத்தையே வெச்சிக்கிட்டாங்க. இந்த ஊருக்கு ஒரு வாரம், அடுத்த ஊருக்கு வேற வாரம். நம்ம பாஷையில சொன்னா ரோலிங் ரீஸ்டார்ட், எல்லா சர்வரையும் ஒரே நேரத்துல இறக்காம வரிசையா இறக்கறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நீராவி மில்லால முடிஞ்சது, ரோபோ வெச்சி வெல்டிங் பண்ற ஒரகடத்தால முடியாதா?

அங்க ஒண்ணும் பாலும் தேனும் ஓடலை. ஆரம்பத்துல அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது, ஜனங்க வருஷம் பூரா க்ளப்புல காசு போட்டு சேர்த்தாங்க. சம்பளத்தோட விடுமுறைன்னு சட்டம் வந்தது 1938-லதான். திருவிழாவும் மெல்ல மறைஞ்சி, எல்லாரும் ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போனாங்க. போகட்டுமே! கும்பிடறதும் கடல்ல குளிக்கறதும் அவங்கவங்க இஷ்டம். நேரம் அவன் கையில இருந்துச்சு, அதான் எனக்கு முக்கியம்.

நம்ம சட்டம் என்ன சொல்லுது? 1958-ம் வருஷத்து தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறை) சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கட்டாயம். அது போக பண்டிகைக்கு அஞ்சு நாள். பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளின்னு அஞ்சும் தீந்துடும். எல்லாமே ஊர் உலகத்துக்கே பொதுவான பண்டிகை. உன் ஊர், உன் சாமி, உன் திடல்னு ஒரு நாள் அந்த லிஸ்ட்ல வர்றதுக்கு வழி இல்லை.

மே 1-ஐயே எடுத்துக்குங்க. ஐரோப்பாவுல வசந்தத்தை வரவேற்கற நாள், 1886 சிகாகோ போராட்டத்துக்கு அப்புறம் தொழிலாளி நாளாச்சு. இந்தியாவுல முதன்முதலா 1923-ல சென்னையில சிங்காரவேலர் கொண்டாடினார். இப்ப சட்டப்படி லீவு. 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி விடற மசோதாவை சட்டமன்றத்துல நிறைவேத்தினாங்களே, அதை வாபஸ்னு முதல்வர் அறிவிச்சதும் அதே வருஷம் மே 1-ஆம் தேதிதான். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் வந்திருந்தா கூத்து பார்க்க மீதி இருந்த கிழங்கட்டைங்களுக்கு சோறு போடக்கூட வீட்டுல ஆள் இருந்திருக்காது. அன்னிக்கு கலாச்சாரப் பதிவர்கள் யாராவது கூத்துக்கும் அந்த மசோதாவுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எழுதினீங்களா? தேடிப் பார்த்தேன், சிக்கலை.

உடனே ஒருத்தர் வருவார். "கம்பெனி வந்ததாலதானே உங்க ஊர் பசங்க பைக்ல போறாங்க, நன்றி கெட்டவனே." உண்மைதான், கம்பெனி வேணாம்னு நான் சொல்லவே இல்லை. இன்னும் ஒரு படி மேலயே போறேன். பழைய கிராமம் ஒத்துமையா இருந்துச்சு, எல்லாரும் சேர்ந்து விழா எடுத்தோம்னு ஜல்லியடிக்கறவங்க விழுப்புரம் மாவட்டம் மேல்பாதிக்குப் போய்ட்டு வாங்க. தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில். 2023 ஏப்ரல் திருவிழாவுல உள்ள போன தலித் பசங்களை அடிச்சாங்க. ஜூன்ல கோயிலுக்கு சீல். 2024 மார்ச்சுல கோர்ட் சொல்லி பூஜைக்கு மட்டும் திறந்தாங்க. தலித் மக்கள் உள்ள போய் சாமி கும்பிட 2025 ஏப்ரல் ஆச்சு. அதே திரௌபதி, அதே பாரதம். சபையில அவமானப்பட்டவளுக்குக் கோயில் கட்டிட்டு, அவ வாசல்லயே அடுத்தவனை அவமானப்படுத்தறதை காப்பாத்தத்தான் உங்களுக்கு பாரதம் வேணும்னா, அது தாராளமா அழியட்டும், நான் ஒரு சொட்டு கண்ணீர் விட மாட்டேன். கம்பெனி கேன்டீன்ல காலனிப் பையனும் ஊர்ப் பையனும் ஒரே தட்டு எடுத்து ஒரே வரிசையில நிக்கறாங்க. அந்த வரிசை திடலுக்கும் வரணும். விழான்னா மாறக்கூடாதுன்னு ஒண்ணும் இல்லை. மூஞ்சியில முழுக்க கரி பூசி ஆடற வழக்கத்தை 2020-ல இங்கிலாந்து மோரிஸ் அமைப்புகளே கூடிப்பேசி விட்டுட்டாங்க. ஆட்டம் நின்னா போச்சு?

நிலத்தைப் பத்தியும் பேசாம விட முடியாது. எங்க பக்கத்து ஊர் படுகளத் திடல்ல பாதி இப்ப லாரி நிறுத்தற இடம். துரியோதனன் வருஷா வருஷம் குட்டையாகிட்டு வர்றான். உருவத்துக்கு ஏரிக் களிமண் வேணும், ஏரிக்கரை வரைக்கும் ப்ளாட் கல்லு நட்டாச்சு. இன்னும் கொஞ்சம் தள்ளி பரந்தூர் விமான நிலையத்துக்கு 13 கிராமம் சம்பந்தப்பட்ட நிலம் எடுக்கறாங்க. ஏகனாபுரம் ஜனங்க 2022-லேர்ந்து போராடறாங்க, கிராம சபையில தீர்மானம் மேல தீர்மானம். இழப்பீட்டுக் கணக்குல வீட்டுக்கு இவ்வளவு, நஞ்சைக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவுன்னு வரும். ஊர்த் திடல்ல ராத்திரி பாய் விரிச்சி குடும்பம் குடும்பமா உக்காந்த இடத்துக்கு எந்தக் காலத்துல ரேட் போடுவாங்க? பக்கத்துல எந்த வீட்டுக்காரங்க உக்காருவாங்கன்னு மூணு தலைமுறையா தெரிஞ்ச இடம் அது. மெட்ரிக் ஸ்கூல் வாசல்ல நின்னு கத்தறதுல பத்துல ஒரு பங்கை இதுக்குக் கத்தியிருக்கலாம்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லை. ஆலையில வேலை பார்க்கற ஒவ்வொருத்தருக்கும், கான்ட்ராக்ட், ட்ரெய்னி எல்லாரையும் சேர்த்து, வருஷத்துக்கு ரெண்டு நாள் ஊர்த் திருவிழா விடுமுறை. சம்பளத்தோட. அட்டெண்டன்ஸ் போனஸ்ல கை வைக்காம. தேதியை அவங்களே ஒரு மாசம் முன்னாடி சொல்லுவாங்க. எங்க ஐடி கம்பெனிகள்ல ஆப்ஷனல் ஹாலிடேன்னு லிஸ்ட் கொடுத்து பிடிச்சதை எடுத்துக்கோங்கறாங்களே, அதே சமாச்சாரம்தான். ஏசியில உக்காந்திருக்கறவனுக்கு இருக்கற உரிமை நின்னு வேலை பார்க்கறவனுக்கு ஏன் இல்லை? இது எங்க ஊர்க்காரனுக்கு மட்டும் இல்லை. ஹாஸ்டல்ல தங்கி செல்போன் அசெம்பிள் பண்ற தென்மாவட்டத்துப் பொண்ணு கொடை விழாவுக்குப் போகட்டும், ஒடிசா பையன் ரஜோ பண்டிகைக்குப் போகட்டும், பீகார் பையன் சத் பூஜைக்குப் போகட்டும். உற்பத்தி பாதிக்கும்பாங்க. வருஷாந்திர மெயின்டனன்ஸ் ஷட்டவுன்னு அவங்களா நாள் குறிச்சி மூடறப்ப பாதிக்காத உற்பத்தியா?

நம்ம பதிவர்கள்ல ஹெச்.ஆர். வேலையில இருக்கறவங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியும், பேர் சொல்லலை, பொழப்பைக் கெடுக்க வேணாம். ஜாக் அண்ட் ஜில்லைத் திட்டிப் பதிவு போட்டவங்க அதுல மூணு பேர் :-) அடுத்த வருஷ லீவு லிஸ்ட் உங்க மேசைக்குத்தான் வரும். தொழிற்சங்கத்துல இருக்கற நண்பர்களே, கோரிக்கைப் பட்டியல்ல இதையும் ஒரு வரி சேருங்க. 2024-ல ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில ஒரு மாசத்துக்கு மேல ஸ்டிரைக் பண்ணித்தான் சங்கத்தைப் பத்தியே பேசவெச்சாங்க, அதனால நாளைக்கே கிடைச்சிடும்னு கனவெல்லாம் காணலை.

டிஸ்கி 1: தெருக்கூத்துன்னு சொல்லணுமா, கட்டைக்கூத்துன்னு சொல்லணுமான்னு சண்டை போட விரும்பறவங்க தனிப்பதிவு போடவும். மரக்கட்டையில செஞ்ச கிரீடம், புஜம் கட்டி ஆடறதால கட்டைக்கூத்துன்னு எங்க பக்கத்துக் கலைஞர்கள் சொல்றாங்க. எங்க ஆயா வெறும் கூத்துன்னுதான் சொல்லும்.

டிஸ்கி 2: உங்க ஊர்ல படுகளம் என்னிக்கு, எந்தெந்த ஆலைக்கு உங்க ஊர்லேர்ந்து பஸ் போகுதுன்னு பின்னூட்டத்துல போடுங்க. ஒரு எக்செல் ஷீட் ஆரம்பிச்சிருக்கேன். இதுவரைக்கும் ஏழு ஊர் சேர்ந்திருக்கு, அதுல நாலு ஊர் ஒரே ஞாயித்துக்கிழமை.